சேனை வைக்கும் பாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பேறுகாலம் பார்க்கும் அப்பத்தாக்களுக்கும் அம்மாச்சிகளுக்கும், உடன் வந்து நிற்கும் அத்தை, பெரியம்மா, சின்னம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேசும் ஆள். உங்கள் மகளோ மருமகளோ உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வெளியே காத்திருப்பீர்கள். வந்ததும் "என்ன சொன்னாங்க?" என்பீர்கள். "சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடச் சொன்னாங்க" என்பாள். பெரும்பாலும் அது உண்மைதான். எப்போதாவது ஒருத்தி விஷயத்தில் மட்டும் அது முழு உண்மை இல்லை.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லையே, எங்களுக்கு எதுக்கு இந்தக் கடுதாசி?" என்று கேட்பீர்கள். இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் நான் சொல்லப்போவதில்லை. 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, அவள் சம்மதம் இல்லாமல் மாமியாரிடமோ பெற்ற தாயிடமோ அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். விஷயம் தெரிந்த வீடுகளில் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி என்று ஆனதைப் பார்த்தவள் நான். எல்லா வீடும் அப்படி இல்லை என்பதும் தெரியும். ஆனால் எது எந்த வீடு என்பதை அங்கே வாழ்பவள்தான் கணிக்க முடியும்.

அதனால்தான் இந்தக் கடிதம் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக. யாருக்கு இருக்கிறது என்று தெரியாமலே, யாரையும் துருவிக் கேட்காமலே, ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வேலையை நீங்கள் செய்துவிட முடியும். என்ன பால், எத்தனை நாள் என்ற முடிவை அவளும் நாங்களும் ஒரு அறையில் உட்கார்ந்து எடுக்கிறோம். பிள்ளை அந்த அறையில் வளர்வதில்லை. முதல் நாற்பது நாள் அது உங்கள் மடியில்தான் கிடக்கிறது. அங்கே அதன் வாயில் என்ன போகிறது என்பதில்தான் அந்த முடிவு நிற்கும், அல்லது விழும்.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்போம். குடும்பத்தில் நல்ல குணம், நல்ல வாழ்வு என்று பெயர் எடுத்த ஒருவரை அழைத்து, சீனித் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்வோம். அவர் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்று. வேறு சில ஊர்களில் கழுதைப்பால் ஒரு சங்கு. அப்புறம் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது, உரை மருந்து, விக்கலுக்கு ஒரு பாலாடை வெந்நீர், வயிறு உப்பினால் கிரைப் வாட்டர். மூன்றாம் மாதம் பிள்ளை அதிகம் அழுதால் "இவ பால் பத்தலை" என்று தீர்ப்பு. பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர். நாலாம் மாதம் கேழ்வரகுக் கூழ். இதில் எதையும் நீங்கள் அன்பில்லாமல் செய்வதில்லை. சேனை வைக்க என்னை அழைத்தார்கள் என்பதை ஒரு கௌரவமாக இன்றைக்கும் சொல்லிக்கொள்ளும் பெரியவர்களை எனக்குத் தெரியும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, அவர் தலை மறைந்ததும் சங்கை எடுத்திருப்பீர்கள். "நாலு பிள்ளை பெத்தவளுக்கு நேத்து வந்த புள்ள சொல்லித் தருது." நாலு பிள்ளையும் பிழைத்துத்தான் கிடக்கிறார்கள், உங்களோடு நான் வழக்காட முடியாது. ஆனால் தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து, அவள் பாலும் கொடுக்கும் வீட்டில் அந்தக் கூழுக்குக் கணக்கே வேறு.

முதலில் ஒரு பயத்தைக் களைந்துவிடுகிறேன். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பது பொய். மருந்து மாத்திரை எதுவுமே இல்லாத காலத்தில்கூட அப்படிப்பட்ட 100 தாய்மாரின் பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் தொற்றியது. வயிற்றில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, பால் வழியாக என மூன்று வழியும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பால் வழியாக மட்டும் 5 முதல் 20.

இனி கூழுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகள், பாலோடு வேறு எதையாவதும் சேர்த்துக் குடித்த பிள்ளைகள், தாய்ப்பாலே குடிக்காத பிள்ளைகள் என்று மூன்று வகையாகப் பிரித்து மூன்றாம் மாதத்தில் ரத்தம் பார்த்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத் தொற்று. தாய்ப்பாலே குடிக்காதவர்களில் சுமார் 19; அவர்களுக்கு வயிற்றிலோ பிரசவத்திலோ வந்தது. இரண்டையும் கலந்து குடித்தவர்களில் 24. "பாலில் கிருமி இருக்கிறது, அப்படியானால் பால் கூடக்கூட ஆபத்து கூடும்" என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது தலைகீழாக இருந்தது. பிறகு ஜிம்பாப்வேயில், 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வும் அதையே சொன்னது: சீக்கிரமே கலந்து ஊட்டப்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் நான்கு மடங்கு ஆபத்து. 2007இல் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டாலிலிருந்து வந்த கணக்கு இன்னும் துல்லியம். தாய்ப்பாலோடு டின் பால் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்ப்பாலோடு கூழ், கஞ்சி போன்ற திட உணவு சேர்ந்தால் கிட்டத்தட்ட 11 மடங்கு.

காரணமாக இரண்டைச் சொல்கிறார்கள். பச்சைப் பிள்ளையின் குடல் தோல் மிக மெல்லியது. தாய்ப்பால் அதைப் பூசிக் காக்கிறது. வேறு உணவும் வேறு தண்ணீரும் அதை உறுத்திப் புண்ணாக்க, கிருமி நுழைய வழி கிடைக்கிறது. இரண்டாவது காரணம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்: பிள்ளை வேறு எதையோ குடித்துப் பசியாறிவிட்டால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். கட்டிய பாலில் கிருமி அதிகம்.

இந்த ஆய்வுகள் எல்லாம் தாய்க்கு முழு மருந்து கிடைக்காத காலத்தவை. இன்று தாய் தினமும் மாத்திரை எடுத்தால் இந்த ஆபத்து எல்லாமே மிகச் சிறியதாகிவிடுகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: மாத்திரை எடுக்கும் தாயின் பிள்ளைக்கு இடையில் வேறு ஏதாவது ஊட்டிவிட்டார்கள் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. "அத்தை சீனித் தண்ணி கொடுத்துட்டாங்க மேடம்" என்று அழுகையோடு போன் செய்யும் பெண்களிடம் நான் சொல்வதும் இதுதான்: பாலை நிறுத்தாதே, மாத்திரையை விடாதே, இனி கொடுக்காமல் பார்த்துக்கொள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே தெரியும், அது அவள் கையில் இல்லை என்று. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் மருத்துவர்கள் மேல் வைத்திருக்கும் ஒரு புகாரை நான் மதிக்கிறேன். "இவங்க நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க." எச்.ஐ.வி.யும் பாலும் என்ற விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

1985இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஏற்றிய ரத்தத்தால் ஒரு தாய்க்கு எச்.ஐ.வி. வந்திருந்தது, பிள்ளைக்கும் வந்தது. கர்ப்பத்தில் அவளுக்கு நோய் இல்லை என்பதால் பால்தான் காரணம் என்று முடிவாயிற்று. அதே ஆண்டு அமெரிக்கா, எச்.ஐ.வி. உள்ள தன் நாட்டுத் தாய்மாரிடம் பால் கொடுக்காதே என்றது. அடுத்த ஆண்டு, 1986இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அப்போது நம் கையில் மருந்தும் இல்லை, பாலைப் பற்றிய தெளிவும் இல்லை.

பணக்கார நாட்டுக்குச் சரியான யோசனை ஏழை நாட்டுக்குப் பொருந்துமா என்ற கேள்வி அன்றிலிருந்தே தொடர்ந்தது. கென்யாவின் நைரோபியில் அதைச் சோதித்துப் பார்த்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்மாரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தாய்ப்பால், மறு குழுவுக்கு டின் பால். இரண்டு வயதில் தாய்ப்பால் குழுவில் நூற்றுக்குச் சுமார் 37 பிள்ளைகளுக்குத் தொற்று. டின் பால் குழுவில் 21. டின் பாலுக்கு வெற்றி என்று தோன்றும். ஆனால் இறப்பைப் பாருங்கள்: தாய்ப்பால் குழுவில் 24, டின் பால் குழுவில் 20. தொற்று குறைந்த அளவுக்குச் சாவு குறையவில்லை. குழாய்த் தண்ணீர் வசதி உள்ள பெண்களாகத் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வு அது. கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடிக்கும் ஊரில் என்ன ஆகும்?

அதற்கான பதில் போட்ஸ்வானாவில் கிடைத்தது. அந்த நாட்டு அரசு நல்ல எண்ணத்தோடு எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு டின் பாலை இலவசமாகவே கொடுத்துவந்தது. 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் அடைமழை. தண்ணீர் கெட்டது. வயிற்றுப்போக்கு பரவியது. சில மாதங்களுக்குள் ஐந்து வயதுக்கு உட்பட்ட 500க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. எச்.ஐ.வி.யிடமிருந்து காப்பாற்றி வைத்த பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

அந்தக் காலத்தில் உலக அளவில் சொல்லப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. டின் பால் கொடுப்பதைக் குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்; செய்ய முடிய வேண்டும்; வாங்கக் காசு வேண்டும்; தடையில்லாமல் கிடைக்க வேண்டும்; சுத்தமாகக் கலக்க வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் தாய்ப்பாலை முழுக்கத் தவிர்க்கலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. புருஷன் வாரக்கூலியில் எவ்வளவு வீட்டுக்குத் தருவான் என்றே தெரியாத பெண்ணிடம், "அடுத்த ஆறு மாதத்துக்கு 20 கிலோ பால் பவுடர் வாங்க முடியுமா?" என்று எப்படிக் கேட்பது? அந்த ஐந்தில் முதல் நிபந்தனையே நீங்கள்தான் என்பதையும் கவனியுங்கள். பணம் இருந்து, அடுப்பு இருந்து, சுத்தமான தண்ணீரும் இருந்து, மாமியார் ஏற்காததால் மட்டும் சரிந்த ஏற்பாடுகள் உண்டு.

எல்லாவற்றையும் மாற்றியது மாத்திரைதான். 2004 ஏப்ரலில் இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் சில மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. 2014 முதல், கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த உடனேயே, வேறு எந்தக் கணக்கும் பார்க்காமல், வாழ்நாள் முழுவதற்குமான மாத்திரை தொடங்கிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனமும் 2010இல் "மருந்தோடு ஒரு வருடம் பால் கொடுக்கலாம்" என்றது. 2016இல் மற்றத் தாய்மாரைப் போலவே இரண்டு வருடமும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றது. ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவில் புனேயிலும் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. மாத்திரை எடுத்துக்கொண்டு பால் கொடுத்த தாய்மாரின் பிள்ளைகளில், பால் வழியாக ஆறு மாதத்துக்குள் தொற்றியது ஆயிரத்தில் 3 பேருக்கு. ஒரு வருடத்துக்குள் ஆயிரத்தில் 6. பால் கொடுக்கவே கூடாது என்று 1985 முதல் சொல்லிவந்த அமெரிக்காவே 2023இல் இறங்கிவந்து, மருந்தால் கிருமி அடங்கிய தாய் பால் கொடுக்க விரும்பினால் அவளுக்குத் துணை நில்லுங்கள் என்று தன் மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

பூஜ்யம் இல்லை. பூஜ்யம் என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்வதில்லை. ஆயிரத்தில் ஆறு என்பது என் மேஜைக்கு எதிரில் இருப்பவளுக்கு ஒரு எண்ணாகத் தெரியாது. அவள் பிள்ளையாகத்தான் தெரியும். அந்தக் கணத்தில் "பால் கொடுக்கிறேன்" என்று சொல்பவளும் உண்டு, "வேண்டாம் மேடம், என்னால நிம்மதியா கொடுக்க முடியாது" என்று சொல்பவளும் உண்டு. இரண்டு பேரும் பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். நம் நாட்டு வழிகாட்டுதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதையே முதலில் பரிந்துரைக்கிறது. அது முடியாத இடத்தில், முழுக்க முழுக்க டின் பால். இரண்டும் கலந்த மூன்றாவது வழியை மட்டும் தொடாதே என்கிறது.

உங்களில் சிலர் இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு ஏதோ ஒரு ஆலோசகர் எதிரில் உட்கார்ந்தவர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அன்று உங்களுக்குச் சொன்ன பதில் வேறு. அன்று தொற்றோடு பிறந்து மாத்திரையோடு வளர்ந்த பெண் பிள்ளைகள் இன்று தாங்களே தாயாகி வருகிறார்கள். "எங்கம்மா எனக்குப் பால் குடுக்கலை, நான் குடுக்கலாமா?" என்று அவர்கள் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் உங்களைப் பற்றிய ஒரு கேள்வியும் இருக்கிறது. அன்றைய நிலையில் நீங்கள் செய்தது சரிதான் என்று நான் சொல்கிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் போதும்.

இந்தப் பால் பாதுகாப்பாக இருப்பது மாத்திரையால் என்றேன் அல்லவா? அந்த மாத்திரைக்கும் உங்கள் வீட்டில் சோதனை உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு நீங்கள் பத்தியம் வைப்பீர்கள். லேகியம், காயம், பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை. எல்லாம் நல்லது, தொடருங்கள். ஆனால் "பச்ச உடம்புக்காரிக்கு இத்தனை மாத்திரை எதுக்கு, சூடு, பாலு கெட்டுடும்" என்று ஒரு வரி சொல்வீர்கள். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள். அங்கே அவளுக்கென்று ஒரு அலமாரிகூட இருக்காது. மாத்திரை அரிசி டின்னுக்குள், புடவை மடிப்புக்குள், பழைய பவுடர் டப்பாவுக்குள் என்று ஒளிந்து கிடக்கும். நாள் முழுக்க ஆட்கள் சூழ்ந்திருந்தால் எடுக்கவே முடியாது. ஒரு நாள் விட்டால் உடனே எதுவும் ஆகிவிடாது. வாரக்கணக்கில் விட்டால் அடங்கிக் கிடந்த கிருமி திரும்ப எழும், பாலிலும் எழும். அவள் பையில் என்ன மாத்திரை என்று பார்க்காதீர்கள். எந்த மருத்துவர் எழுதிய எந்த மாத்திரையாக இருந்தாலும், அது சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ ரத்தசோகைக்கோ இருக்கட்டும், பிள்ளை பெற்றவள் அதை நிறுத்த வேண்டியதில்லை என்று வீட்டில் ஒரு முறை உரக்கச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிள்ளைக்கும் முதல் ஆறு வாரம், சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம் வரைகூட, தினமும் ஒரு சிரப் உண்டு. ஒன்றரை மில்லி, ஊசி போடாத சிரிஞ்சில் அளந்து வாயில் விடுவாள். பாட்டில் மேல் லேபிள் இருக்காது; அவளே கிழித்திருப்பாள். "இது என்ன சொட்டு?" என்றால் "வைட்டமின்" என்பாள். பிள்ளைக்கு மருந்து கொடுப்பது 'தாய்ப்பால் மட்டும்' என்ற விரதத்தை முறிக்காது. டாக்டர் எழுதிய சொட்டும், வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசலும் விதிவிலக்கு. கிரைப் வாட்டர் விதிவிலக்கு இல்லை.

பால் கொடுக்கும் வித்தையில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் வார்டில் செவிலியர்களுக்கு ஒவ்வொருத்தியிடமும் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தோடு கவ்வ வைப்பது எப்படி, கட்டிய பாலை எப்படிப் பீய்ச்சி இளக்குவது எல்லாம் சொல்லிக்கொடுங்கள். சரியாகக் கவ்வாத பிள்ளையால்தான் காம்பு வெடிக்கிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தாலோ, மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ, அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு மறுபக்கம் மட்டும் கொடுத்து, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தத் தாயாக இருந்தாலும் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய புண்தான். அதனால் "எல்லாருக்கும் வர்றதுதான், தேங்காய் எண்ணெய் தடவு" என்று நிறுத்திவிடாமல் கிளப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம். வீட்டில் இரண்டு பேர் ஒரே சமயம் பிள்ளை பெற்றிருந்தால், "அவளுக்குப் பால் இறங்கலை, நீ ஒரு வாய் கொடேன்" என்று கேட்பது நம் வழக்கம். அவள் தயங்கினால் "என்ன கஞ்சத்தனம்" என்று பேசாதீர்கள். அவள் பிள்ளைக்கு மருந்து காவல் இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு அது இல்லை.

டின் பால் கொடுக்கும் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நாவு மிகவும் கூர்மையாவது இங்கேதான். "பெத்தவ பாலு குடுக்காம டப்பாப் பாலா?", "அழகு கெட்டுடும்னு பாக்கிறியா?" வந்து போகிற எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் சேர்ந்தால் அவள் எங்கே போவாள்? டின் பாலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பிரசவத்துக்கு முந்திய சோதனையில் ரத்தத்தில் கிருமி அளவு அதிகம் இருந்திருக்கலாம். புற்றுநோய் மருந்து எடுக்கலாம். பால் சுரக்காமலே போயிருக்கலாம். எதுவானாலும் அவள் அந்த முடிவை மருத்துவரோடு சேர்ந்து எடுத்திருக்கிறாள். இதில் மிகப் பெரிய ஆபத்து, உங்கள் வசைக்குப் பயந்தோ, நடுராத்திரி அழுகை தாங்காமலோ, ஒரே ஒரு முறை என்று அவள் பால் கொடுத்துவிடுவதுதான். அந்த வீட்டில் தாய்ப்பாலும் டின் பாலும் கலக்கக் கூடாது.

சண்டைக்குப் பதில் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைப்பது, டின்னில் எழுதிய அளவுக்கு மட்டம் தட்டிய கரண்டி போடுவது, சிக்கனம் என்று தண்ணீரைக் கூட்டாமல் இருப்பது, மிஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டுவது. ரப்பர் நிப்பிள் வைத்த பாட்டிலைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. உங்கள் வீட்டுப் பாலாடையும் சங்கும் அதைவிட நல்லவை, கொதிநீரில் போட்டு எடுத்தால். செவிலியர் தலை மறைந்ததும் நீங்கள் எடுத்த அதே சங்கு.

பால் மறக்கடிக்கும் பருவத்திலும் நீங்கள் தேவைப்படுவீர்கள். நம் வழக்கம், ஒரு நாள் காலையில் வேப்பெண்ணெயைத் தடவிவிடுவது. பிள்ளை நாலு நாள் அழுது அடங்கும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு அது கூடாது. சட்டென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டி, பாலில் கிருமி அளவு ஏறும். இடையில் மனம் இளகி ஒரு முறை கொடுத்தால் அந்தப் பாலைத்தான் பிள்ளை குடிக்கும். ஜாம்பியாவின் லுசாகாவில் நாலாம் மாதத்தில் பாலைச் சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். அதனால் பிள்ளைகளுக்கு எந்த லாபமும் வரவில்லை, ஏற்கெனவே தொற்றியிருந்த பிள்ளைகள்தான் அதிகம் இறந்தன. ஒரு மாத காலத்தில் வேளை வேளையாகக் குறைக்க வேண்டும். மார்பு கனத்தால் மல்லிகைப் பூவைக் கட்டும் உங்கள் வைத்தியத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை; வேலூரில் மருத்துவர்கள் அதைப் பால் வற்றும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பாலைக் குறைக்கிறது என்று 1988இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றரை மாத ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிப்போகும்போது குதிகாலில் ஒரு குத்துக் குத்தி, அட்டையில் சில சொட்டு ரத்தம் எடுப்பார்கள். பிறகு ஆறாம் மாதம், ஒரு வயது, கடைசியாக ஒன்றரை வயது. எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பதில்லையே என்று உங்களுக்குப் பொறி தட்டலாம். தட்டினால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணங்களை மட்டும் தடுக்காதீர்கள். "நல்ல நாள் இல்லை, அடுத்த வாரம் போ" என்று தள்ளிப்போடாதீர்கள். தொற்றியிருந்தால் அந்த ஒன்றரை மாதத்திலேயே கண்டுபிடித்து மருந்து தொடங்கினால்தான் பிள்ளை தங்கும்.

உங்களில் சிலருக்கு அவளே வாய் திறந்து சொல்லியிருப்பாள். அது எளிதாக வந்த வார்த்தை இல்லை. அப்படித் தெரிந்துகொண்டவர்கள் மாத்திரை நேரத்தில் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளில் வீட்டுக்காரர்களிடம் சொல்ல ஒரு காரணம் நீங்களே கண்டுபிடித்துக் கொடுங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பாலைப் பற்றிப் பேச்செடுத்தால், "டாக்டர் சொன்னபடிதான் கொடுக்கிறோம்" என்று நீங்கள் பதில் சொல்லி, காபி கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். உங்கள் வயதுக்கு மேலே யாரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கே சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

இப்படிக்கு,
நம்பிக்கை மையத்து ஆலோசகர் ஒருத்தி